கல்லுக்குள் ஒரு காய்ச்சல்மானி

கம்பத்துக்கு அருகே உள்ள சுருளிப்பட்டியை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். திராட்சைத் தோட்டங்களைக் கடந்து கிழக்கே சென்றால் சுருளி அருவி. மேகமலையில் பிறந்த நீர் அங்கே கரும்பாறைகளின் மீது விழுந்து, கம்பம் பள்ளத்தாக்கை நோக்கி ஓடுகிறது. அருவியில் குளிக்க வருகிறவர்கள் நீரைப் பார்க்கிறார்கள். பாறையைப் பார்க்கிறவர்கள் குறைவு. ஆனால் அந்தப் பாறையிடம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. "நீ எவ்வளவு ஆழத்தில் இருந்தாய்? அங்கே எவ்வளவு சூடு இருந்தது?"

கல் பேசுமா என்று சிரிக்காதீர்கள். பேசும். கல்லுக்குள் இருக்கும் கனிமங்களே அதன் நாக்கு. அவை என்ன சொல்கின்றன, அதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதைப் பார்ப்போம்.

பாகின் பதம்

அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது உங்கள் பாட்டி வெப்பமானியைத் தேடுவதில்லை. ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கிறார். இளகிக் கரைந்தால் சூடு போதாது. உருண்டையாகத் திரண்டால் சரியான பதம். கெட்டித்துக் கல்லானால் சூடு மிஞ்சிவிட்டது. அதாவது, பொருளின் நிலையைக் கொண்டே அது பட்ட வெப்பத்தை அறிகிறார். பாறையியல் அறிஞர்கள் செய்வதும் இதே வேலைதான்.

நம் தென்னாட்டு மலைகளில் பரவலாகக் கிடைக்கும் கருநீலச் சாயல் கொண்ட, எண்ணெய் தடவியது போல் மினுங்கும் கடினமான பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். இந்தப் பெயர் வந்த கதை சுவையானது. கல்கத்தா நகரை நிறுவியவராகக் கூறப்படும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு என்ற புவியியலாளர், அதே வகைப் பாறை சென்னையை அடுத்த பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருப்பதைக் கண்டார். 1893ஆம் ஆண்டு, சார்னாக்கின் நினைவாக அப்பாறைக்குப் பெயரிட்டார்.

அதே 1893இல் ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஜார்ஜ் பாரோ என்பவர் வேறொரு உண்மையை வெளியிட்டார். ஒரே வகைக் களிமண்ணிலிருந்து உருமாறிய பாறைகளில்கூட இடத்துக்கு இடம் வெவ்வேறு கனிமங்கள் தோன்றின. ஓரிடத்தில் கறுப்பு மைக்கா, சற்றுத் தள்ளி கார்னெட், அப்புறம் கயனைட், கடைசியில் சில்லிமனைட். அந்த வரிசையே சூடு படிப்படியாக ஏறியதைக் காட்டும் அடையாளம் என்று அவர் உணர்ந்தார். பாட்டியின் பாகுப் பதம் அறிவியலுக்குள் நுழைந்தது அப்போதுதான் எனலாம்.

மூன்று உடன்பிறப்புகள்

கயனைட், சில்லிமனைட், ஆண்டலுசைட் ஆகிய மூன்றும் கனிமங்கள். மூன்றிலும் உள்ளவை அதே அலுமினியம், அதே சிலிக்கான், அதே ஆக்சிஜன், அளவும் ஒன்றே. பிறகு ஏன் மூன்று பெயர்கள்? அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் வேறு. கயனைட்டில் அணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. அதன் ஒப்படர்த்தி ஏறத்தாழ 3.6. சில்லிமனைட்டுக்கு 3.2க்குச் சற்று மேல். ஆண்டலுசைட்டுக்கு 3.15 அளவு.

நெரிசலான பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் அழுத்த அழுத்தப் பயணிகள் நெருங்கி நிற்பார்கள். அழுத்தம் மிகுந்தால் நெருக்கமான கயனைட் உண்டாகும். அழுத்தம் குறைந்தால் தளர்வான ஆண்டலுசைட். வெப்பம் மிகுந்தால் சில்லிமனைட். மூன்றும் ஒன்றாக இருக்கக்கூடிய நிலை ஒன்றே ஒன்றுதான்: ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ், 4 கிலோபார். ஒரு பாறையில் சில்லிமனைட் மட்டும் இருந்தால், அது எந்த எல்லைக்குள் பிறந்தது என்பது உடனே தெரிந்துவிடும்.

ஆனால் இது திசையைக் காட்டுமே தவிர எண்ணைத் தராது. "மதுரைக்குத் தெற்கே" என்று சொல்வதுபோல. எத்தனை கிலோமீட்டர் என்று எப்படிச் சொல்வது?

இரும்பும் மக்னீசியமும்

கார்னெட் என்ற சிவந்த கனிமத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கன்னியாகுமரிக் கடற்கரையின் செம்மணலில் பெரும்பங்கு அதுதான். கார்னெட்டும் கறுப்பு மைக்காவும் ஒரே பாறையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் இரும்பு அணுக்களும் மக்னீசியம் அணுக்களும் உண்டு. இரண்டு அணுக்களும் அளவில் ஏறக்குறைய ஒத்தவை. ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்று எளிதில் அமரும்.

கார்னெட்டுக்கு இரும்பின் மீது ஆசை அதிகம். மைக்காவுக்கு மக்னீசியத்தின் மீது. குளிர்ந்த நிலையில் இந்த விருப்பு வெறுப்பு கடுமையாக இருக்கும். சூடு ஏற ஏற அணுக்களின் துள்ளல் கூடி, பாகுபாடு குறைந்துகொண்டே வரும். ஆகவே, இரண்டு கனிமங்களிலும் இரும்பும் மக்னீசியமும் எந்த விகிதத்தில் பங்கிடப்பட்டுள்ளன என்று அளந்தால் வெப்பநிலையைச் சொல்லிவிடலாம்.

1978ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜான் ஃபெர்ரி, ஃபிராங்க் ஸ்பியர் என்ற இருவர் இதைச் சோதனைச்சாலையில் அளந்தார்கள். 550 டிகிரி முதல் 800 டிகிரி வரை சூடேற்றி, அழுத்தத்தில் வைத்து, பங்கீடு எப்படி மாறுகிறது என்று கண்டார்கள். மைக்காவின் மக்னீசியம்-இரும்பு விகிதத்தை 1 என்று கொண்டால், 550 டிகிரியில் கார்னெட்டின் விகிதம் அதில் ஆறில் ஒரு பங்குதான். 800 டிகிரியிலோ அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிடுகிறது. ஒரு பாறையில் அது 0.24 என்று வந்தால், அவர்களுடைய சமன்பாட்டின்படி விடை ஏறத்தாழ 680 டிகிரி. இதோ, கல்லுக்குள் ஒரு வெப்பமானி!

ஆழம் எத்தனை?

அழுத்தத்தை அளக்கவும் வழி உண்டு. வெண்மையான ஃபெல்ஸ்பார் கனிமத்தில் கால்சியம் உண்டு. அழுத்தம் கூடும்போது அந்தக் கால்சியம் ஃபெல்ஸ்பாரை விட்டுக் கார்னெட்டுக்குள் குடியேறுகிறது. கூடவே சில்லிமனைட்டும், நம் ஊரில் வெங்கச்சங்கல் என்று சொல்லும் குவார்ட்ஸும் உண்டாகின்றன. ஏன்? புதிதாக உண்டான மூன்றும் சேர்ந்து பிடிக்கும் இடம், பழைய ஃபெல்ஸ்பார் பிடித்த இடத்தைவிடக் குறைவு. நெருக்கினால் இடத்தை மிச்சம் பிடிப்பதுதானே இயற்கை! ஆகவே கார்னெட்டில் உள்ள கால்சியத்தையும் ஃபெல்ஸ்பாரில் உள்ள கால்சியத்தையும் ஒப்பிட்டால் அழுத்தம் கிடைக்கும்.

அழுத்தம் கிடைத்தால் ஆழத்தை நீங்களே கணக்கிடலாம். அழுத்தம் என்பது அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், ஆழம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். பாறையின் அடர்த்தி கன மீட்டருக்கு 2800 கிலோகிராம் என்று கொள்ளுங்கள். முடுக்கம் 9.8. பத்துக் கிலோபார் என்பது நூறு கோடி பாஸ்கல். நூறு கோடியை 27,440ஆல் வகுத்தால் 36,443 மீட்டர். அதாவது, 10 கிலோபார் அழுத்தத்தைக் கண்ட பாறை சுமார் 36 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்திருக்கிறது.

இவ்வளவு நுணுக்கமாகக் கனிமங்களை அளப்பது எப்படி? பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து ஒளி ஊடுருவும் சீவலாக ஆக்குகிறார்கள். பிறகு அதன் மீது எலெக்ட்ரான் கற்றை ஒன்றை ஊசிமுனையிலும் மிகச் சிறிய புள்ளியில் பாய்ச்சுகிறார்கள். அந்தப் புள்ளியிலிருந்து எழும் எக்ஸ் கதிர்கள், அங்கே எந்தத் தனிமம் எவ்வளவு உள்ளது என்று சொல்லிவிடும். 1951இல் பிரெஞ்சு நாட்டு ரேமண்ட் காஸ்டேங் தம் பட்ட ஆய்வில் விளக்கிய கருவி இது. ஒரு கடுகளவு கார்னெட்டின் நடுவிலும் விளிம்பிலும் தனித்தனியே நூறு இடங்களில் அளக்கலாம்.

பின்னோக்கி ஓடும் வெப்பமானி

எல்லாம் முடிந்தது போலத் தோன்றுகிறதல்லவா? இனிமேல்தான் சிக்கல்.

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கிலிருந்து அச்சன்கோவில் வரை பரவியுள்ள பாறைப் பகுதியை ஆராய்ச்சியாளர்கள் மதுரைத் தொகுதி என்கிறார்கள். பழனி மலை, வருசநாட்டு மலை, மேகமலை, கம்பம் பள்ளத்தாக்கு எல்லாம் இதில் அடக்கம். இங்குள்ள பாறைகளை இரும்பு-மக்னீசிய வெப்பமானியால் அளந்தபோது பெரும்பாலும் 700, 800 டிகிரி என்றே விடை வந்தது. அது உண்மையான உச்ச வெப்பமா?

இரண்டு வெப்பமானிகளை நினைத்துப் பாருங்கள். ஒன்று சுவரில் மாட்டியிருப்பது. நண்பகலில் 38 டிகிரி காட்டும். மாலையில் நீங்கள் பார்க்கும்போது 30 காட்டும். நண்பகல் வெயிலை அது மறந்துவிட்டது. மற்றொன்று, மருத்துவர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய பாதரசக் காய்ச்சல்மானி. அதன் குழாயில் ஒரு குறுகல் உண்டு. ஏறிய பாதரசம் உதறினாலொழியக் கீழே இறங்காது. உச்சத்தை அது நினைவில் வைத்திருக்கும்.

இரும்பும் மக்னீசியமும் சுறுசுறுப்பான அணுக்கள். பாறை உச்ச வெப்பத்தை அடைந்தபின் லட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல ஆறும்போதும் அவை இடம் மாறிக்கொண்டேயிருக்கும். 700, 800 டிகிரிக்கு வந்த பிறகே பெரும்பாலும் ஓய்ந்து உட்காரும். ஆக, நாம் படித்தது உச்ச வெப்பத்தை அன்று. அணுக்கள் ஓய்ந்த நேரத்து வெப்பத்தை! இது சுவர் வெப்பமானி. நமக்கு வேண்டியது காய்ச்சல்மானி.

கெங்குவார்பட்டி சொன்ன விடை

அந்தக் காய்ச்சல்மானி, சுருளிப்பட்டி இருக்கும் அதே தேனி மாவட்டத்தின் மறுகோடியில் கிடைத்தது. கொடைக்கானல் மலையடிவாரத்தில் உள்ள கெங்குவார்பட்டியின் பாறைகளில் சபைரின் என்ற நீலநிறக் கனிமம் உண்டு. நீலக்கல்லைப் போன்ற நிறத்தால் வந்த பெயர். மதுரைப் பகுதியின் சபைரினைப் பற்றி டி. என். முத்துசுவாமி 1949ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்.

இந்தப் பாறைகளில் ஆர்த்தோபைராக்சீன் என்ற பழுப்புக் கனிமமும் உண்டு. அதற்குள் அலுமினியம் நுழைவது எளிதன்று. வெப்பம் மிக மிகத்தான் நுழையும். ஆனால் ஒருமுறை நுழைந்துவிட்டால் வெளியேறுவதும் எளிதன்று. அலுமினியம் சோம்பேறி அணு, ஆறும்போது நகராது. காய்ச்சல்மானியின் குறுகலில் நின்றுவிட்ட பாதரசத்தைப் போல, உச்ச வெப்பத்தின் அடையாளமாக அங்கேயே நிற்கும். மிக உயர்ந்த வெப்பம் கண்ட பாறைகளில் ஆர்த்தோபைராக்சீனின் அலுமினா 8 சதவீதத்தையும் தாண்டும்.

கெங்குவார்பட்டிப் பாறைகளை ஆராய்ந்து 2004இல் வெளியான முடிவு என்ன தெரியுமா? வெப்பம் ஏறத்தாழ 1000 டிகிரி. அழுத்தம் 10, 11 கிலோபார் அளவு. அதே 2004இல், வருசநாட்டு மலைகளுக்கு அப்பால் உள்ள ராஜபாளையத்திலும் ஒரு சான்று வெளியாயிற்று. அங்கே சபைரினும் குவார்ட்ஸும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. இந்த இரண்டும் ஏறத்தாழ 1000 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில்தான் பகையின்றிச் சேர்ந்திருக்கும். சூடு குறைந்தால் ஒன்றோடொன்று வினைபுரிந்து வேறு கனிமங்களாகிவிடும். 1968இல் அண்டார்டிகாவின் எண்டர்பி நிலப் பாறைகளில் இந்த ஜோடியைக் கண்டபோது உலகமே வியந்தது. அதே ஜோடி நம் ராஜபாளையத்திலும்!

1000 டிகிரி என்றால் எவ்வளவு? வெள்ளி 962 டிகிரியில் உருகிவிடும். அந்தச் சூட்டில் நம் மலைப் பாறைகள் முழுவதும் உருகாமல் இருந்தது எப்படி? உண்மையில் ஒரு பகுதி உருகத்தான் செய்தது. பாறையிலிருந்த நீர் அந்தக் குழம்போடு சேர்ந்து வெளியேறிவிட்டது. நீரற்ற பாறை எளிதில் உருகாது. எஞ்சி நின்ற அந்த வறண்ட பாறைகளே இன்று நாம் காணும் மலைகளில் பெரும்பகுதி.

மேலே வந்த வழி

36 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த பாறை மேலே வந்த பயணத்தையும் கனிமங்கள் குறித்து வைத்திருக்கின்றன. சீவலை நுண்ணோக்கியில் பார்த்தால் சில கார்னெட் மணிகளைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்தில் கார்டியரைட்டும் ஆர்த்தோபைராக்சீனும், புழுக்கள் நெளிந்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடக்கும். கார்னெட் அடர்த்தி மிக்கது; கார்டியரைட் லேசானது, இடத்தை அடைத்துக்கொள்வது. நெருக்கம் தளர்ந்தால்தானே லேசான கனிமம் உண்டாக இடம் கிடைக்கும்? ஆகவே அந்த வளையம், சூடு இன்னும் அதிகமாக இருந்தபோதே அழுத்தம் குறைந்துவிட்டது என்பதற்குச் சாட்சி. வினை பாதியில் நின்றுபோனதால் நடுவில் கார்னெட் மிஞ்சியிருக்கிறது. முழுவதும் முடிந்திருந்தால் பழைய கதை அழிந்திருக்கும்.

இது நிகழ்ந்தது எப்போது? சிர்க்கான், மோனசைட் என்ற நுண் கனிமங்களில் உள்ள யுரேனியமும் தோரியமும் ஈயமாக மாறும் கணக்கிலிருந்து, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று தெரிகிறது. அப்போது இந்தியா, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, இலங்கை, அண்டார்டிகா ஆகிய நிலப்பகுதிகள் மோதி இணைந்து கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவாகிக்கொண்டிருந்தது. இலங்கையின் மலைநாட்டிலும் இதேபோல் மிகுந்த வெப்பம் கண்ட சபைரின் பாறைகள் இருக்கின்றன. அந்த மோதலில் பாறைகள் பிசைந்த மாவுபோல் மடிந்து இழுபட்டன. அப்படி இழுபட்ட நீண்ட மண்டலம் ஒன்றை விவரித்து 2010இல் வெளியான ஆய்வு, அதற்குச் 'சுருளி' என்ற பெயரையே சூட்டியிருக்கிறது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 36 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த பாறை இன்று தரையில் இருக்கிறது. அதற்கும் கீழே இன்றும் சுமார் 40 கிலோமீட்டர் தடிமனுக்குப் புவியோடு உள்ளது. இரண்டையும் கூட்டினால் 76. திபெத்தின் கீழே இன்று புவியோட்டின் தடிமன் 70 கிலோமீட்டர் அளவு! கீழே உள்ள 40 கிலோமீட்டரில் ஒரு பகுதி பிற்காலத்தில் சேர்ந்ததாக இருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. ஆயினும், திராட்சை விளையும் இந்தப் பள்ளத்தாக்கின் மீது ஒருகாலத்தில் திபெத்தைப் போன்ற மேட்டுநிலம் இருந்திருக்கக்கூடும் என்று எண்ண இடமிருக்கிறது.

விடை காணாத கேள்வி

பழைய, அமைதியான கண்டப் பகுதிகளின் கீழே 36 கிலோமீட்டர் ஆழத்தில் இன்று 400 முதல் 600 டிகிரி வரையே சூடு இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அப்படியானால் நம் பாறைகளுக்கு 1000 டிகிரி எங்கிருந்து வந்தது?

தடித்துப்போன புவியோட்டில் இருந்த யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கமே கோடிக்கணக்கான ஆண்டுகள் உள்ளுக்குள் சூட்டைச் சேர்த்தது என்பது ஒரு கட்சி. கம்பளிமேல் கம்பளி போர்த்திக்கொண்டவனுக்கு வியர்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியோட்டுக்குக் கீழேயுள்ள மூடகத்திலிருந்து கொதிக்கும் பாறைக்குழம்பு மேலேறி அடுப்பாக நின்றது என்பது மற்றொரு கட்சி. இரண்டும் சேர்ந்தே நடந்தது என்போரும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை. இந்த வழக்கே எழுந்திராது, 700 டிகிரி என்று சுவர் வெப்பமானி சொன்னதை யாரும் சந்தேகிக்காமல் விட்டிருந்தால்! கருவி ஓர் எண்ணைத் தந்துவிட்டது என்பதற்காக அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது. அந்த எண் எந்த நேரத்தைச் சேர்ந்தது என்றும் கேட்கவேண்டும்.

நீங்களும் பார்க்கலாம்

இதற்காகச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பவேண்டாம். அது வனத்துறையின் காப்பிலுள்ள காடு. அங்கே கல்லை உடைப்பது கூடாது. உங்கள் தெருவில் வீடு கட்டுவோர் கொட்டிவைத்திருக்கும் ஜல்லிக் குவியலே போதும். ஒரு கைலென்சும் ஒரு குவளைத் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜல்லியை நனைத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிபோல் மினுங்குவது குவார்ட்ஸ். தட்டையான முகத்தில் பளிச்சென ஒளி தெறிப்பது ஃபெல்ஸ்பார். கத்திமுனையால் தகடு தகடாக உரிவது கறுப்பு மைக்கா. மாதுளை முத்துப்போல் சிவந்த மணி ஒன்று தென்பட்டால் அதுதான் கார்னெட். அதைத் தொட்டுக்கொண்டிருப்பது எந்தக் கனிமம் என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கிடைத்தவற்றை எல்லாம், எந்த ஊர்க் கல் உடைக்கும் இடத்திலிருந்து வந்த ஜல்லி என்ற குறிப்போடு, ஒரு தீப்பெட்டியில் சேர்த்து வையுங்கள். பாறையியலில் முதல் பாடம் அதுதான்.